ராமநாதபுரக் கரையில் ஓலையும் கயிறும் தறியும் கற்க வருவோருக்கு

விடுமுறையில் ஊருக்கு வந்து முடைதலையோ நெசவையோ கற்க விரும்புவோர், முதலில் காலத்தைப் பார்த்துப் பயணச்சீட்டு எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓலை காயாது. நெசவுக்கான நீளவாட்டு நூலாகிய பாவுக்குக் கஞ்சி தோய்த்துத் தெருவில் விரிக்கவும் இயலாது. தை முதல் பங்குனி வரை ஏற்ற காலம். மூன்று ஊர்களைச் சுற்றுவதைவிட, ஒரே வேலையை ஒருவரிடம் ஐந்து நாட்களாவது அமர்ந்து கற்பதே பயன் தரும்.

சாயல்குடிப் பக்கம் பனைகள் மிகுதி. அங்கே ஓலை முடைபவரிடம் கற்க அமர்ந்தால், கொட்டான் என்னும் சிறு ஓலைப்பெட்டியை முடைவதற்கு முன் ஓலையைப் பதப்படுத்தும் வேலையையும் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்தெடுப்பதிலேயே பாதித் திறமை அடங்கியிருக்கிறது. எனக்குக் கற்றுத் தந்த அப்பத்தா, கிழித்த ஓலைகளை ஈரத்துணியில் சுற்றி மடியருகே வைத்திருந்தார். ஒவ்வொரு ஓலையையும் கட்டைவிரலால் ஒருமுறை நீவிய பிறகே பின்னலில் சேர்த்தார். துணிக்குள் வைக்க மறந்த என் ஓலை, மூலையில் மடித்தவுடன் வெடித்தது.

கயிற்றில் முறுக்கியுள்ள இழைகளாகிய புரிகளைப் பிரித்து ஒரு கயிற்றினூடே இன்னொரு கயிற்றைச் செலுத்திப் பின்னும் கலை ராஜஸ்தானுக்கும் குஜராத்துக்கும் உரியது. ஒட்டகச் சேணத்தை இறுக்கும் வார்களை ஆட்டு மயிர்க் கயிற்றால் அங்கே அவ்வாறு பின்னினார்கள். நம் கடற்கரையில் அந்தப் பின்னல் இல்லை. ஆனால் முறுக்கைத் தளர்த்திப் புரிகளுக்கு இடையே வழி திறக்கும் கைப்பழக்கம், இரு கயிறுகளை முடிச்சின்றி இணைக்கும் மீனவர்களிடம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலமாதலால், பாம்பன், மண்டபம் கரைகளில் வலையும் கயிறும் பழுது பார்ப்பதை நிதானமாகக் காணலாம். வெயில் கடுமையாக இருக்கும், காலையிலேயே செல்லுங்கள்.

நெசவுக்குக் கரையைவிட்டு உள்ளே, மதுரை–ராமேசுவரம் ரயில் பாதையிலுள்ள பரமக்குடிக்குச் செல்ல வேண்டும். அங்கும் வைகைக்கு மறுகரையிலுள்ள எமனேசுவரத்திலும் சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்கள் வாழ்கின்றன. கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்தில் முன்கூட்டியே விசாரித்துச் செல்வது நல்லது. நெய்துகொண்டிருக்கும் புடவையில் கைவைக்கக் கேட்காதீர்கள்: கூலி புடவைக் கணக்கில் கிடைப்பதால், பிழை விழுந்தால் இழப்பு நெசவாளருக்கே. குறுக்கு நூலைக் குச்சியில் தாராகச் சுற்றுவதிலும் அறுந்த இழையை முடிவதிலும் தொடங்கி, மிஞ்சிய பாவு இருந்தால் அதில் நாடாவை, அதாவது குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் ஓடத்தை, ஓட்டிப் பழகுங்கள்.

எங்கே கற்றாலும், உங்களுக்காகக் கற்றுத் தருபவர் இழக்கும் நாட்கூலிக்குக் குறையாத தொகையை முதல் நாளே பேசிக் கொடுத்துவிடுங்கள். உறவுமுறை சொல்லி அழைப்பது அதற்கு ஈடாகாது. படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள்.

ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ திரும்புவோர், ஓலைப் பொருட்களை வருகைப் படிவத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டும். ஈரமும் மண்ணும் பூச்சியும் இல்லாதபடி நன்கு காயவைத்து, சோதனையின்போது எளிதில் எடுத்துக் காட்டும்படி பெட்டியின் மேல்பகுதியில் வையுங்கள்.