பேசோவும் பேசோவும்: கடலோரத்தில் ஸ்பானிஷ் படிக்கும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு

பாம்பனிலோ தொண்டியிலோ இருந்துகொண்டு, பள்ளியில் வகுப்பு இல்லாமல் ஸ்பானிஷ் படிப்பவர் செய்யும் முதல் தவறு, சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்வது. மெக்சிகோ நாணயம் பேசோ. முத்தமும் பேசோ. பம்பரத்தின் முதல் 'ப' நாணயத்துக்கு, இரண்டாம் 'ப' முத்தத்துக்கு. நம் எழுத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். கடையில் மாற்றிச் சொன்னால் விபரீதம்தான். இங்கே நாங்கள் தமிழில் எழுதுவது அச்சு வசதிக்காக. உங்கள் நோட்டில் ரோமன் எழுத்து மட்டும் இருக்கட்டும்.

உயிரொலிகள் ஐந்தே, குறில் நெடில் கிடையாது. ஆனால் அழுத்தம் உண்டு. உயிரிலோ ன், ஸ் ஒலியிலோ முடியும் சொல்லில் கடைசிக்கு முந்தைய அசையை அழுத்த வேண்டும்; மற்றவற்றில் கடைசி அசையை. விதி மீறும் சொல்லுக்கு மேலே சாய்கோடு போடுவார்கள். 'பாபா'வில் முன்னசையை அழுத்தினால் லத்தீன் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு, பின்னசையை அழுத்தினால் அப்பா. சாய்கோட்டை விட்டால் அது எழுத்துப்பிழை, அலங்காரக் குறைவு அல்ல.

தலையில் அலைக்கோடு போட்ட ரோமன் 'n' எழுத்து (ñ) அப்படியே நம் 'ஞ'. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இதில் திணறுவார்கள். நாம் திணற வேண்டியதில்லை.

இலக்கணத்தையும் தமிழிலிருந்தே தொடங்குங்கள். 'எனக்கு மீன் பிடிக்கும்' என்பதே 'மே குஸ்தா எல் பெஸ்காதோ'வின் அமைப்பும். ஒரே வித்தியாசம்: நம் 'பிடிக்கும்' மாறாது, அங்கே பன்மைக்கு வினையும் மாறும். இறால்கள் என்றால் 'மே குஸ்தான் லாஸ் கம்பாஸ்'. இந்த 'ன்' தவறிப்போவது சகஜம்.

'என் அப்பா மீனவர்' என்பதில் நமக்கு வினையே இல்லை. அந்தப் பழக்கத்தில் ஸ்பானிஷில் வர வேண்டிய 'எஸ்' என்ற வினையை விட்டுவிடுவோம். 'மி பாத்ரே எஸ் பெஸ்கதோர்' என்பதே சரி. இன்னொரு வினை 'எஸ்தா'. நிலையானதற்கு எஸ், தற்காலிகத்துக்கு எஸ்தா என்ற சூத்திரத்தை நம்பாதீர்கள். பாம்பன் பாலம் எங்கும் நகராது, ஆனாலும் அது எங்கே இருக்கிறது என்று சொல்ல எஸ்தாதான். இறந்தவருக்கும் எஸ்தாதான்.

உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு என்பதால் 'எல்', 'லா' சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். கடல் 'எல் மார்', ஆண்பால். கடலில் தொழில் செய்பவர்கள் மட்டும் 'லா மார்' என்று பெண்ணாக்கிவிடுவார்கள்.

அரபி ஓதிய கீழக்கரைப் பிள்ளைகளுக்குக் கூடுதல் லாபம். ஸ்பெயினின் பகுதிகள் 711 முதல் 1492 வரை முஸ்லிம் ஆட்சியில் இருந்ததால், எண்ணெய்க்கு அசெய்தே, தலையணைக்கு அல்மோஆதா என்று அரபிச் சொற்கள் ஏராளம். 'இறைவன் நாடினால்' என்ற அரபித் தொடரிலிருந்து வந்ததே 'ஓஹலா'. அசூக்கார் என்ற சர்க்கரையும் அரபி வழியாகப் போனதுதான்.

இலக்காக டெலே என்ற ஸ்பானிஷ் மொழித் திறன் தேர்வை வைத்துக்கொள்ளலாம். நடத்துவது ஸ்பெயின் அரசின் மொழி, பண்பாட்டு நிறுவனமான இன்ஸ்டிடியூட்டோ செர்வாந்தெஸ். அதன் மையம் டெல்லியில் இருக்கிறது. சான்றிதழ் காலாவதியாகாது. 11 முதல் 17 வயதுக்காரருக்குத் தனித் தாள்களும் உண்டு. ஏ1 என்ற தொடக்க நிலையில் வாசிப்பு 45 நிமிடம், கேட்டல் 25, எழுத்து 25, பேச்சு 10. பேச்சுக்கு முன் தயாராக 10. வாசிப்பும் எழுத்தும் ஒரு தொகுதி, கேட்டலும் பேச்சும் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் 50க்கு 30 வேண்டும். முதல் தொகுதியில் 48 எடுத்து இரண்டாவதில் 28 எடுத்தால் தேர்ச்சி இல்லை. தனியாகப் படிப்பவர்கள் சறுக்கும் இடம் இதுதான். அதனால் தினமும் அரை மணி என்றால் 15 நிமிடம் கேட்டு, கேட்டதையே வாய்விட்டுத் திருப்பிச் சொல்லுங்கள். மீதி நேரம்தான் புத்தகத்துக்கு.

எழுத்துத் தாளில் படிவம் நிரப்பச் சொல்வார்கள். ஸ்பானிஷ்காரர்களுக்கு அப்பா வழி, அம்மா வழி என இரண்டு குடும்பப் பெயர், நமக்கோ இனிஷியல். தேர்வுக்குப் பதிவு செய்யும்போது மட்டும் அவர்கள் முறையைப் பின்பற்ற வேண்டாம்: பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே.