கார் ஸ்பீக்கரில் கேட்கும் ஊளை: எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

காரை ஸ்டார்ட் செய்ததும் பாட்டுக்கு நடுவே மெல்லிய ஊளை ஒன்று எழுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சுருதி ஏறுகிறது. காலை எடுத்தால் இறங்குகிறது. இதைக் கேட்டவுடன் பலரும் கடைக்குப் போய் ஒரு ஃபில்டரை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வையுங்கள். இரைச்சல் பெரும்பாலும் ஏதோ ஓர் இடத்தில்தான் நுழைகிறது. அந்த இடத்தைப் பிடித்துவிட்டால், பல நேரங்களில் ஒரு துண்டு உப்புத்தாளோடு வேலை முடிந்துவிடும்.

தேவையானவை: சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், ஐந்தாறு மீட்டர் ஒயர், ஒரு நோட்டு. இஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்கும்போது காரைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய கொட்டகையில் வேண்டாம். புகை உயிரை எடுத்துவிடும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிடுங்கள்.

முதல் படி: காதால் கேளுங்கள்

பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டதை நோட்டில் எழுதுங்கள். இஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை, இஞ்சினோடு சுழன்று காருக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. இஞ்சினை அணைத்தும் மாறாத 'உஸ்' என்ற சீறல், ஆம்ப்ளிஃபயரில் கெயின் திருகை (உள்ளே வரும் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்பதை வைக்கும் திருகு) அதிகமாகத் திருப்பி வைத்ததன் விளைவு. பெட்ரோல் காரில் இஞ்சின் வேகத்தோடு சேர்ந்து வரும் 'டிக் டிக்' ஸ்பார்க் பிளக் பக்கத்து வேலை. சாவியைத் திருப்பியதும், இஞ்சின் ஓடுவதற்கு முன்பே ஓரிரு நொடி கேட்டு அடங்கும் முனகல் எரிபொருள் பம்ப். குறிப்பிட்ட பேஸ் ஒலிக்கு மட்டும் ஏதாவது அதிர்ந்தால் அது மின்சாரக் கோளாறே அல்ல. கதவுப் பலகையையும் நம்பர் பிளேட்டையும் கையால் அழுத்திப் பாருங்கள்.

ஆல்டர்னேட்டர் ஊளை ஏன் இப்படிக் காதைக் குடைகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆல்டர்னேட்டர் மூன்று கட்ட மாறுமின்சாரத்தை (ஏ.சி.) உண்டாக்குகிறது. டையோடுகள் அதை நேர்மின்சாரமாக (டி.சி.) மாற்றுகின்றன. மாற்றிய பிறகும் அதன் மேல் சின்ன அலைகள் மிஞ்சும். 12 துருவங்கள் கொண்ட ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 36 அலைகளைத் தரும். இஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றுகிறது, பெல்ட் ஆல்டர்னேட்டரை இரண்டரை மடங்கு வேகத்தில் சுழற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 1,200 அலைகள் வரும். 2,000 சுற்றுக்குப் போனால் 3,000 அலைகள். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் எல்லை ஏறக்குறைய அதுதான். அதனால்தான் மிகச் சிறிய கசிவுகூடத் தப்பாமல் கேட்கிறது.

இரண்டாம் படி: செல்பேசியைக் கழற்றுங்கள்

சார்ஜர், டேஷ் கேமரா, பிறகு பொருத்திய எல்.இ.டி. விளக்கு என ஒவ்வொன்றாக அணைத்துக் கேளுங்கள். செல்பேசியைக் காரின் சார்ஜரில் செருகி, அதே செல்பேசியிலிருந்து ஆக்ஸ் கேபிள் வழியாகவும் பாட்டுக் கேட்பவர்கள் இந்தப் படியிலேயே நின்றுவிடலாம். சார்ஜர் வழியாக ஒன்று, ஆக்ஸ் வழியாக ஒன்று என்று எர்த்துக்கு (பேட்டரியின் நெகட்டிவோடு இணைந்த காரின் உலோக உடலுக்கு) இரண்டு பாதைகள் உருவாகி, அவை ஒரு வளையமாகிவிடுகின்றன. அந்த வளையத்தில்தான் இரைச்சல் புகுந்துகொள்கிறது. காரின் சார்ஜரை எடுத்துவிட்டு, தனியாக வைத்த பவர் பேங்கிலிருந்து சார்ஜ் செய்யுங்கள். ஊளை நின்றால் நோய் இதுதான். ப்ளூடூத்துக்கு மாறிவிடுங்கள்.

மூன்றாம் படி: வால்யூமைத் திருகுங்கள்

வால்யூமோடு சேர்ந்து இரைச்சலும் கூடிக் குறைந்தால், அது வால்யூம் கட்டுப்பாட்டுக்கு முன்பே நுழைகிறது. ஆக்ஸ், ரேடியோ, ஆன்டெனா ஆகியவற்றைப் பாருங்கள். வால்யூம் பூஜ்யத்தில் இருந்தும் ஊளை அப்படியே இருந்தால், அதற்குப் பின்னால்தான் நுழைகிறது. தனி ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான் வரும்.

நான்காம் படி: பாதையைப் பாதியாக வெட்டுங்கள்

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஆர்.சி.ஏ. கேபிள்களை (டேஷ்போர்டில் உள்ள ஸ்டீரியோவிலிருந்து பாட்டைக் கொண்டுவரும் ஒயர்கள்) உருவுங்கள். மறுபடி இஞ்சினை ஓட்டுங்கள். ஊளை இன்னும் கேட்டால் ஸ்டீரியோ குற்றமற்றது. ஆம்ப்ளிஃபயரின் மின் இணைப்பையோ எர்த்தையோ பாருங்கள். ஊளை நின்றுவிட்டால், தன் பேட்டரியில் ஓடும் செல்பேசியை நேராக ஆம்ப்ளிஃபயரில் இணைத்துப் பாட்டுப் போடுங்கள். அப்போதும் சுத்தமாகக் கேட்டால் கோளாறு கேபிளிலோ ஸ்டீரியோவிலோ இருக்கிறது.

கேபிளைச் சோதிக்க, வேறொரு ஆர்.சி.ஏ. கேபிளை இருக்கைகளுக்கு மேலாகவே தற்காலிகமாக இழுத்து மாட்டுங்கள். ஊளை போய்விட்டால் பழைய கேபிள் பழுதாகியிருக்கலாம், அல்லது பேட்டரி ஒயரோடு ஒட்டி ஓடுகிறது. ஒன்று காரின் இடப்பக்கம் போனால் மற்றது வலப்பக்கம் போகட்டும். தாண்டியே ஆகவேண்டிய இடத்தில் குறுக்காகத் தாண்டுங்கள்.

கேபிளை மாற்றியும் போகவில்லையா? ஸ்டீரியோவின் பின்னால் ஆர்.சி.ஏ. முனையின் வெளி வளையத்தையும் ஸ்டீரியோவின் உலோக உடலையும் ஒரு துண்டு ஒயரால் தொட்டுப் பாருங்கள். சட்டென்று அமைதியானால் உள்ளே எர்த் தடம் கருகியிருக்கிறது. மின்சாரம் ஓடும்போது ஆர்.சி.ஏ.வைச் செருகி உருவுவதால் வரும் சேதம் இது. அணைத்துவிட்டு உருவச் சொன்னது இதற்காகத்தான்.

ஐந்தாம் படி: எர்த்

என் காரில் டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது, ஆம்ப்ளிஃபயரின் எர்த் போல்ட் பார்வைக்குக் கச்சிதமாகவே இருந்தது. கழற்றினேன். எர்த் ஒயரின் வளைய முனைக்கு அடியில், காரின் வண்ணப் பூச்சு வட்டமாக, ஒரு கீறலும் இல்லாமல் பளபளத்தது. அத்தனை மின்சாரமும் போல்ட்டின் மரை வழியாக மட்டுமே போய்க்கொண்டிருந்திருக்கிறது. மாதக்கணக்கில் ஸ்டீரியோவைச் சந்தேகித்த எனக்கு, அந்த வட்டத்தைப் பார்த்ததும் எல்லாம் விளங்கியது.

இதைக் கழற்றாமலே அளக்கலாம். மல்டிமீட்டரை நேர்மின்சார வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையை ஆம்ப்ளிஃபயரின் எர்த் திருகில் வையுங்கள்; மற்றதை நீண்ட ஒயரோடு இணைத்துப் பேட்டரியின் நெகட்டிவில் வையுங்கள். இஞ்சினை ஓட்டி, பாட்டைச் சத்தமாக வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. என் காரில் 0.4ஐத் தொட்டது. ஓம் அளவு பார்த்து ஏமாறாதீர்கள். மின்சாரம் பாயாதபோது மோசமான இணைப்பும் நல்ல எண்ணைக் காட்டும்.

சரிசெய்ய, முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். இணைப்பு இடத்தைச் சுற்றி ரூபாய் நாணய அளவுக்குப் பூச்சைச் சுரண்டி, வெள்ளைத் தகடு தெரியும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கி, துருப்பிடிக்காமல் மேலே பெயின்ட் அடித்துவிடுங்கள். சீட் பெல்ட் போல்ட்டை எர்த்துக்குப் பயன்படுத்தாதீர்கள். புதிய துளை போடுவதானால், அடியில் எரிபொருள் டேங்கோ குழாயோ இல்லை என்று குனிந்து பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஆறாம் படி: ஆல்டர்னேட்டரையே அளப்பது

இஞ்சின் அணைந்திருக்கும்போது முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும்; ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.4 வரை. பிறகு மீட்டரை மாறுமின்சார வோல்ட்டுக்கு மாற்றி, ஹெட்லைட்டைப் போட்டு அதே பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 0.1க்குக் கீழே நல்லது. 0.5ஐத் தாண்டினால் டையோடு போயிருக்கலாம். ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். இஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழக்கம் சிலரிடம் இன்னும் உண்டு. செய்யவே செய்யாதீர்கள். அந்த நொடியில் எகிறும் வோல்ட்டேஜ், இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரையே எரித்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் ஊளை மிஞ்சினால் மட்டும், எர்த் வளையத்தைத் துண்டிக்கும் ஐசொலேட்டரை ஸ்டீரியோவுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே மாட்டுங்கள். அதன் உள்ளே இருப்பது சிறிய டிரான்ஸ்ஃபார்மர். மலிவான வகைகள் ஆழமான பேஸைக் கொஞ்சம் விழுங்கிவிடும்.

தரைவிரிப்பை உடனே மூடிவிடாதீர்கள். இரவில் ஒருமுறை ஹெட்லைட், ஏ.சி., வைப்பர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, பாட்டில்லாமல் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் ஸ்பீக்கர் அமைதியாக இருந்தால் மூடிவிடலாம்.