சூடான டயரில் காற்றை இறக்காதீர்கள்

வெயில் நேரத்தில் நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு பங்கில் நிறுத்திக் காற்று பார்த்தால், காலையில் 33 psi அழுத்தம் வைத்த டயர் 37, 38 என்று காட்டும். காற்றடிப்பவர் உடனே வால்வை அழுத்தி உஸ்ஸென்று இறக்கப் போவார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சூடானால் காற்று விரியும். பலூன் என்றால் பெரிதாகும், டயருக்குள் அதற்கு இடமில்லை என்பதால் அழுத்தமாக ஏறுகிறது, அவ்வளவுதான். கணக்கைச் செல்சியஸில் போட்டால் தப்பாக வரும், 273 கூட்டிக்கொள்ள வேண்டும்: காலையில் டயர் இருக்கும் 30 டிகிரி என்பது 303, ஓடிச் சூடான 60 டிகிரி என்பது 333, ஆக ஏற்றம் கிட்டத்தட்ட 10 சதவீதம். மீட்டர் காட்டும் 33-இல் வெளிக்காற்றின் அழுத்தமான 14.7 சேராது, அதையும் சேர்த்த 47.7-க்குத்தான் இந்த 10 சதவீதம். அதனால்தான் நாலரை போல ஏறுகிறது. நைட்ரஜன் அடித்தாலும் இதே கதைதான்.

சூட்டில் 33-க்கு இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் 29-கூட இருக்காது. காற்று குறைந்த டயர் பக்கவாட்டில் மடங்கி மடங்கி இன்னும் சூடாகும், வெடிக்கிற ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு பாருங்கள். அளவு, ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது உச்ச வரம்பு, அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. சரி, வழியில் அடித்தே ஆக வேண்டும் என்றால்? கதவுச் சட்டத்தில் உள்ள அளவோடு நாலு கூட்டி அடித்துவிட்டு, அடுத்த நாள் காலையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.