இணையம் அறுந்தாலும் ஓடுமா? ஸ்மார்ட் பொருளும் மென்பொருளும் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஸ்மார்ட் கேமராவோ பூட்டோ பல்போ வாங்கப் போகிறீர்களா? விலை கேட்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கடையிலோ, அதே பொருளை வைத்திருக்கும் தெரிந்தவர் வீட்டிலோ, ரவுட்டரில் வந்து சேரும் இணைய வயரைக் கழற்றச் சொல்லுங்கள். பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். அந்தப் பொருள் எதையெல்லாம் தொடர்ந்து செய்கிறது, எதையெல்லாம் நிறுத்திவிட்டது என்று பாருங்கள். விளம்பரத்தில் இருக்கும் எந்தச் சிறப்பம்சத்தைவிடவும் இந்தப் பத்து நிமிடம் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

நான் கோத்தகிரியில் கணினியும் கேமராவும் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. சாலையோரத்தில் ஒரு கற்பூர மரம் சாய்ந்தால் மின்கம்பியும் ஃபைபர் கேபிளும் சேர்ந்தே அறுந்துவிடும். விளக்குக்கு இன்வெர்ட்டர் இருக்கிறது. இணையத்துக்கு அப்படி எதுவும் கிடையாது, சில சமயம் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். கோயமுத்தூரில் சிக்கல் இல்லாமல் ஓடுகிற பொருள் இங்கே மழைக்காலத்தில் சுவரில் மாட்டிய வெறும் பிளாஸ்டிக் ஆகிவிடுவது அதனால்தான்.

சோதனையில் கவனிக்க வேண்டியது எளிது. பூட்டு என்றால் சாவித் துவாரம் இருக்க வேண்டும். விருந்தினர் குடும்பத்தோடு மழையில் நிற்கும்போது ஆப் சுற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. பல்பு என்றால் சுவர் ஸ்விட்சைப் போட்டதும் எரிய வேண்டும். பேசினால் பதில் சொல்லும் ஸ்பீக்கர்கள் இணையம் இல்லாமல் ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் சரி.

கேமராவைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அதிகம் விற்பதும் அதிகம் ஏமாற்றுவதும் அதுதான்.

கட்டபெட்டுப் பக்கம் காட்டேஜ் நடத்தும் அக்கா ஒருவர் வீட்டில் இரவில் கரடி வந்து சமையலறைக் கதவை உடைத்துவிட்டது. காட்சியை வனத்துறையினரிடம் காட்டலாம் என்று ஆப்பைத் திறந்தால் பதிவே இல்லை. “தம்பி, மாசாமாசம் பணம் கட்டினாத்தான் பழசு தெரியுமாம்” என்று போனில் சொன்னார். பதிவை நிறுவனத்தின் சர்வரில் வைத்துக்கொள்ளும் கிளவுட் சேவைக்கு, வாங்கும்போது தந்த இலவச காலம் முடிந்திருந்தது. கேமராவுக்குள் கார்டு போடும் இடம் இருந்தும் அதில் யாரும் கார்டு போடவில்லை. கேமரா அவருடையது, சுவர் அவருடையது, உடைந்த கதவும் அவருடையது. பதிவு மட்டும் வேறு ஒருவரிடம்.

அதனால் கேமரா வாங்கும்போது கடைக்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். மைக்ரோ எஸ்டி கார்டிலோ, கேமராக்களின் காட்சியை வீட்டிலேயே சேமிக்கும் என்விஆர் பெட்டியிலோ இணையம் இல்லாமலே பதிவாகுமா? அப்படிப் பதிவானதை மாதக் கட்டணம் இல்லாமல் பார்க்கவும் நகல் எடுக்கவும் முடியுமா? ஆன்விஃப் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்குக் கடைக்காரர் விழித்தால் பெட்டியில் தேடுங்கள். ஆன்விஃப் என்பது 2008-ல் ஆக்சிஸ், போஷ், சோனி நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய பொதுத் தரம். அது இருந்தால் ஒரு நிறுவனத்தின் கேமராவை வேறொரு நிறுவனத்தின் என்விஆரில் இணைக்கலாம். நாளைக்கு ஆப்பை நிறுத்தினாலும் கேமரா உங்களுக்குப் பயன்படும். கார்டு வாங்கும்போது, தொடர்ந்து எழுதுவதற்கென்றே வரும் எண்ட்யூரன்ஸ் வகையைக் கேளுங்கள். போனுக்கான சாதாரண கார்டு கேமராவில் சீக்கிரம் போய்விடும்.

அடுத்தது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தான். பொருளுக்குப் பணம் கொடுக்கிறோம், பெட்டி நம்முடையது. உள்ளே ஓடும் மென்பொருள் பெரும்பாலும் நம்முடையது இல்லை. அதைப் பயன்படுத்த ஒரு அனுமதி, அதாவது உரிமம், அவ்வளவுதான் கிடைக்கிறது. அந்த அனுமதியின் எல்லை எது என்று விதிமுறையில் எழுதியிருப்பார்கள். முழுவதையும் படிக்கச் சொன்னால் யாரும் படிக்கப் போவதில்லை. கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, கன்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தி, நான்கு ஆங்கிலச் சொற்களை மட்டும் தேடுங்கள்: டிஸ்கன்டினியூ, டெர்மினேட், சப்ஸ்கிரிப்ஷன், டிரான்ஸ்ஃபர். சேவையை எப்போது நிறுத்தலாம், உங்கள் கணக்கை எந்தக் காரணத்துக்காக முடக்கலாம், இன்று இலவசமாக இருப்பது நாளைக்குக் கட்டணம் ஆகுமா, பொருளை இன்னொருவருக்கு விற்றால் மென்பொருளும் அவரோடு போகுமா என்ற நான்குக்கும் பதில் அந்தச் சொற்களைச் சுற்றித்தான் இருக்கும். ஆங்கிலம் சிரமம் என்றால் அந்தப் பத்திகளை மட்டும் மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் வெறும் எழுத்து, யார் அப்படிச் செய்யப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ரிவால்வ் என்று வீட்டுக் கருவிகளை இணைக்கும் ஒரு பெட்டி அமெரிக்காவில் 300 டாலருக்கு விற்றது. அதைத் தயாரித்த நிறுவனத்தை 2014-ல் கூகுளின் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் சேவையை நிறுத்தினார்கள், பெட்டி செயலற்றுப் போனது. ஹியூமேன் நிறுவனம் 2024-ல் சட்டையில் குத்திக்கொள்ளும் ஏஐ கருவி ஒன்றை 699 டாலருக்கு விற்றது. 2025 பிப்ரவரி 28-ல் சர்வரை மூடியதும் அதில் அழைப்பும் இல்லை, கேள்விக்குப் பதிலும் இல்லை. புத்தகமும் தப்பவில்லை. 2009-ல் அமேசான், தான் விற்ற சில மின்னூல்களை வாசகர்களின் கிண்டிலுக்குள் புகுந்து நீக்கியது, பணத்தைத் திருப்பித் தந்தாலும். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் இருக்கிறது: டிஜிட்டல் பொருளுக்கு ‘வாங்கு’ என்று பொத்தான் வைத்தால், கிடைப்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். இங்கேயும் அப்படி ஒரு சட்டம் வர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன், அதுவும் தமிழில் சொல்ல வேண்டும் என்று.

என்னைக் கேட்டால், புது வகை ஏஐ கண்ணாடி, மோதிரம், பதக்கம் எதையும் முதல் இரண்டு வருடம் வாங்காதீர்கள். நிறுவனம் நிலைக்குமா என்று பார்த்துவிட்டு வாங்கலாம். நம் பணத்தில் அவர்கள் பரிசோதனை நடத்த வேண்டியதில்லை.

ரவுட்டர் வாங்கும்போது இதற்கு நேர் எதிரான ஒரு நல்ல வழி இருக்கிறது. 2003-ல் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டருக்குள் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஓடுவதை மென்பொருளாளர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸ் ஜிபிஎல் என்ற உரிமத்தில் வருவது. மென்பொருளைப் பிறருக்குத் தருபவர் மூல நிரலையும், அதாவது அதை எழுதிய வரிகளையும், தர வேண்டும் என்பது அந்த உரிமத்தின் கட்டளை. கேட்டார்கள், நிறுவனமும் வெளியிட்டது. அந்த நிரலிலிருந்து பிறந்ததுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி, ரவுட்டருக்குள் நாமே ஏற்றிக்கொள்ளும் இலவச மென்பொருள். இன்று தயாரித்த நிறுவனமே கைவிட்ட எத்தனையோ ரவுட்டர்களுக்கு அதன் வழியாகப் பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கிறது. ஆகவே ரவுட்டரின் மாடல் பெயரை ஓப்பன்டபிள்யூஆர்டி பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அடியில் ஒட்டியிருக்கும் வெர்ஷன் எண்ணும் பொருந்த வேண்டும். ஒரே பெயரில் உள்ளே வேறு சிப் வைத்து விற்பது சாதாரணம்.

சரி, மடிக்கணினி. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினிக்குள் வேண்டும். பழைய கணினிகள் பலவற்றில் அது கிடையாது. “புதுசுதான் வாங்கணுமா அண்ணா?” என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். வேண்டாம். இணையம், எழுத்து, படம் பார்ப்பது என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போதும். முதலில் அதை பென் டிரைவில் ஏற்றி, கணினிக்குள் எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் வேலை செய்தால் தைரியமாக மாறலாம். அதற்கு முன் உங்கள் கோப்புகளை வெளியே நகல் எடுத்துவிடுங்கள். அரசு கொடுத்த பழைய விலையில்லா மடிக்கணினி இருந்தால் அதிலேயே பழகிப் பார்க்கலாம். டேலி வைத்துக் கணக்கு எழுதுபவர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகி வரி தாக்கல் செய்பவர் மட்டும் விண்டோஸிலேயே இருங்கள். அங்கே பிடிவாதம் வேலையைக் கெடுக்கும்.

விண்டோஸ் என்றால் உரிமம் வாங்கியே போடுங்கள். உரிமம் இல்லாமலே விண்டோஸை ஓட்ட ஆக்டிவேட்டர் என்று இலவசமாகக் கிடைக்கும் சின்ன நிரலில் என்ன வருகிறது என்று பார்த்தவன் நான். அதைப் போட்ட கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கவே கூடாது. கணினியோடு வரும் ஓஇஎம் உரிமம் அந்தக் கணினியோடு கட்டுப்பட்டது, வேறொன்றுக்கு மாற்ற முடியாது. தனியாக வாங்கும் ரீடெய்ல் உரிமத்தை மாற்றலாம். சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கும் கீயை, அதாவது உரிம எண்ணை, நான் யாருக்கும் போட்டுத் தருவதில்லை. எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத உரிமம் அது, எப்போது வேண்டுமானாலும் ரத்தாகலாம்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது, இதைத் தள்ளிப் போடாதீர்கள். அச்சகத்திலும் சங்க அலுவலகத்திலும் பழைய கோப்புகள் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், ஒவ்வொரு நிறுவனத்தின் தனி எழுத்துருவில் கிடக்கின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்தது. அந்த எழுத்துருவோடு உரிமப் பூட்டும் இருந்தால், கணினி போன அன்றே கோப்பும் போனது போலத்தான். ஒரு வரியை நகல் எடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகத் தெரிந்தால் அது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறை, கவலையில்லை. ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிந்தால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றி வழியாக யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பேஜ்மேக்கர் கோப்பையே திறக்க முடியவில்லை என்றால் லிப்ரே ஆபீஸில் முயலுங்கள், ஓரளவு திறக்கும். புதிதாக எழுத நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக்கள் போதும். அவை திறந்த எழுத்துரு உரிமத்தில் வருவதால் அழைப்பிதழுக்கும் பெயர்ப்பலகைக்கும் யாரிடமும் கேட்காமல் பயன்படுத்தலாம். மாற்றிய பிறகு ற்ற, க்ஷ, ஸ்ரீ வரும் இடங்களை மட்டும் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள், தவறு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கடைசியாக, பொருளை மாட்ட வருபவரிடம் கறாராக இருங்கள். கேமராவோ பூட்டோ, அவசரத்தில் தன் மொபைல் எண்ணிலேயே கணக்கைத் தொடங்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்புறம் அவர் ஊரை விட்டுப் போனால் பாஸ்வேர்டும் அவரோடு போய்விடும். உங்கள் வீட்டு வாசலையும் அவர் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருக்கலாம். கணக்கு உங்கள் மின்னஞ்சலில், பாஸ்வேர்டு உங்கள் கையால் போட்டதாக இருக்க வேண்டும். என்விஆரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் எழுதி வாங்குங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.