நான்காம் எண்ணில் இரண்டு பிரதிகள்

நான் எடுத்து அச்சிட்டு விற்கும் புகைப்படம் ஒன்றை வாங்கியவர் அதன் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். மூலையில் பென்சிலில் என் கையொப்பம், அருகே 4/10, அதாவது மொத்தம் பத்தே பிரதிகளில் நான்காவது. வயிற்றைக் கலக்கியது. அதே படத்தின் 4/10 இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வேறொருவருக்குப் போயிருந்தது. ஏமாற்றும் எண்ணமெல்லாம் இல்லை. கணக்கு எழுதி வைக்கும் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். இரண்டாவதாகப் போன பிரதியைத் திரும்பப் பெற்றுக் கிழித்துவிட்டு, புதிதாக அச்சிட்டு 5/10 போட்டுக் கொடுத்தேன். அன்றே ஒரு நோட்டு வாங்கினேன்.

டிஜிட்டல் கோப்பைக் கோடி முறை நகலெடுத்தாலும் தேயாது. சேகரிப்பவர் நம்பிப் பணம் கொடுப்பது, எந்தத் தாளில், எந்த அளவில், மொத்தம் எத்தனை என்று நீங்கள் தரும் வாக்கை. அதனால் விற்பதற்காக அச்சிடுகிறவர்கள் நோட்டிலிருந்து தொடங்குங்கள்: படம், எண், அளவு, தாள், அச்சிட்ட தேதி, யாரிடம் போனது.

தேதியை விட்டுவிடாதீர்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவில் எடுத்த நிலவுப் படத்தை ஒரே நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகள் அச்சிட்டார். ஆரம்பப் பிரதிகளில் வானம் வெளிறி மேகங்கள் தெரியும். பிந்தியவற்றில் கிட்டத்தட்ட முழுக் கருப்பு. எந்தக் காலத்து அச்சு என்பதே சேகரிப்பவரின் முதல் கேள்வி.

எதை அச்சிடுவது? சிறிய பிரதி ஒன்றைச் சுவரில் ஒட்டி ஒரு மாதம் விடுவேன். கண்ணை நிறுத்தாத படத்தை எடுத்துவிடுவேன். பெரும்பாலானவை இங்கேயே கழிந்துவிடும்.

அளவுக்குச் சாதாரண வகுத்தல் போதும். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000க்கு 4000 பிக்சல். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தால் 20 அங்குல அகலம், 13 அங்குலத்துக்குச் சற்று அதிகமான உயரம். தள்ளி நின்று பார்க்கும் படமென்றால் இதைவிடப் பெரிதாகவும் போகலாம்.

தாளில்தான் கஞ்சத்தனம் கூடாது. அமிலமற்ற பருத்தித் தாள், நிறமி மை. கடைக்காரர் எல்லாவற்றையும் தரமானது என்றுதான் சொல்வார். நான் விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச் அடித்துப் பார்ப்பேன். தாள் நீலமாக ஒளிர்ந்தால் அதில் வெண்மை கூட்டும் ரசாயனம் இருக்கிறது. ஆண்டுகள் போகப் போக அந்த வெண்மை குறைந்து மஞ்சள் தட்டும். ஒளிராத தாள் வாங்கும்போது சற்றே பழுப்பாகத் தெரியும். எனக்கு அது போதும். அச்சிட்டதை ஒரு நாளாவது உலரவிட்ட பிறகே பிரேமுக்குள் வையுங்கள். இல்லையென்றால் மையின் ஆவி கண்ணாடியின் உட்புறம் மங்கலாகப் படியும். நேர் வெயில் படும் சுவர் எந்த மைக்கும் ஆகாது.

கையொப்பத்துக்கு மென்மையான பென்சில். பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதினால் தடம் முன்பக்கத்தில் புடைக்கும். ஒரு நல்ல வானத்தை நான் அப்படித்தான் கெடுத்தேன்.

பத்து என்றால் எந்தப் பத்து என்பதையும் படத்தோடு கொடுக்கும் சான்றிதழில் எழுதுங்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வில்லியம் எகிள்ஸ்டன் தன் பழைய படங்களைப் பெரிய டிஜிட்டல் அச்சுகளாக 2012இல் விற்றபோது, இத்தனைதான் என்று எண்ணிக்கை வரம்போடு முன்பு விற்ற அவற்றின் பிரதிகளை வைத்திருந்த சேகரிப்பாளர் ஒருவர் வழக்குப் போட்டார். 2013இல் அது தள்ளுபடியானது. சட்டப்படி எகிள்ஸ்டன் பக்கம் சரியாக இருக்கலாம். எனக்கு மட்டும் அந்தச் சேகரிப்பாளர் மேல்தான் இரக்கம். என் சான்றிதழில் "எல்லா அளவுகளும் சேர்த்துப் பத்து" என்றே இருக்கிறது. எனக்கென வைத்துக்கொள்ளும் இரண்டு கலைஞர் பிரதிகளும் அதில் குறிக்கப்பட்டிருக்கும்.

கெட்டுப்போன அச்சுகளைக் கிழித்துப் போடுங்கள். நான் முழுசாகக் குப்பையில் போட்ட ஒன்றை, பக்கத்து வீட்டுப் பெரியவர் எடுத்துப் பிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். திருப்பிக் கேட்க மனம் வரவில்லை. நோட்டில் அதற்கும் ஒரு வரி இருக்கிறது, எண் இல்லாமல்.