பனிக்காலத்தில் நாய்க்குட்டியைப் பழக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

கனடாவின் வின்னிபெக் மாதிரி ஊரில் ஜனவரி இரவு மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். அந்தக் குளிரிலும் இரண்டு மாதக் குட்டியை வெளியே ஒன்றுக்குப் போகப் பழக்கிவிடலாம். குளிரைக் கண்டு நாம் தயங்குவதுதான் காரியத்தைக் கெடுக்கிறது.

கதவைத் திறந்து குட்டியை மட்டும் வெளியே விட்டுவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்ப்போம். அது படியிலேயே நடுங்கிக்கொண்டு கதவைப் பார்த்து நிற்கும். பாவம் என்று உள்ளே விட்டால், இரண்டு நிமிடத்தில் கம்பளம் நனைந்திருக்கும். குட்டைக் கால் இனமான எங்கள் டாஷண்ட் குட்டியிடம் முதல் இரண்டு வாரம் நானும் இதைத்தான் செய்தேன். பிடிவாதக் குட்டி என்று நினைத்தேன். எதற்காக வெளியே விட்டிருக்கிறார்கள் என்பதே அதற்குப் புரியவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

கோட்டும் பூட்ஸும் கதவருகே தயாராக இருக்கட்டும். வாரைப் பிடித்துக்கொண்டு கூடவே போய், ஒரே இடத்தில் பேசாமல் நில்லுங்கள். போய் முடித்ததும் அங்கேயே தின்பண்டம் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே ஓடி வந்ததற்குக் கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் ஆகியும் போகவில்லையா? சரி, உள்ளே வாருங்கள், ஆனால் அவிழ்த்து விடாதீர்கள். மடியிலோ கூண்டிலோ 10, 15 நிமிடம் வைத்திருந்து மறுபடி கூட்டிப் போங்கள். நான் மாற்றிக்கொண்டதில் அதிகம் பலன் தந்தது இதுதான்.

பனியை ஒதுக்காமல் விடுவது அடுத்த தவறு. குட்டைக் கால் குட்டிக்கு நான்கு அங்குலப் பனியே வயிற்றைத் தொடும். அதோடு, புதுப் பனி விழுந்தால் பழைய வாசனை மூடிப்போகும். இடத்தை அடையாளம் காண குட்டிக்கு உதவுவது அந்த வாசனைதான். அதனால் ஒவ்வொரு முறை பனி பெய்ததும் அதே மூலையில், புல் தெரியும்வரை கொஞ்சம் வாரி ஒதுக்குங்கள். அங்கே பனியை உருக்கும் உப்பு தூவ வேண்டாம். பாதம் எரியும், நக்கினால் வயிற்றைக் கெடுக்கும். உப்பு தூவிய தெருவில் நடந்து வந்தால் வெதுவெதுப்பான ஈரத்துணியால் பாதங்களைத் துடைத்துவிடுங்கள். கார்களுக்கு ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் சிந்திய இடத்தை நெருங்கவே விடாதீர்கள். இனிப்பாக இருக்கும், கொஞ்சம் நக்கினாலும் சிறுநீரகத்தை அழித்துவிடும்.

குளிரில் கிருமி செத்துவிடும் என்று நம்பி, தடுப்பூசி முடியாத குட்டியைப் பொதுப் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறவர்கள் உண்டு. குட்டிகளின் உயிரையே எடுக்கக்கூடிய பார்வோ வைரஸ் உறைபனியையும் தாங்கும். ஊசிகள் முடியும்வரை சொந்த முற்றமே போதும்.

குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள்ளேயே, சிறுநீரை உறிஞ்சும் பேட் விரித்து ஓட்டுவது பற்றி: மாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கும், மைனஸ் 30 நாளில் சிவாவா போன்ற சிறு குட்டிகளுக்கும் அது தேவைதான். ஆனால் அதையே நம்பியிருந்தால், காலுக்கு மெத்தென்று இருப்பதெல்லாம் கழிப்பிடம் என்று குட்டி கற்றுக்கொள்ளும். வசந்தம் வந்த பிறகும் குளியலறை மிதியடியைத்தான் தேடும்.

இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் கட்டாயம் வெளியே போக வேண்டும். போகும் தடவையைக் குறைக்கத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். ஹீட்டர் காற்றில் அதற்குத் தாகம் எடுக்கும்.

உள்ளே போய்விட்டால் மூக்கைத் தேய்ப்பதும் அடிப்பதும் வேண்டவே வேண்டாம். உங்கள் முன்னால் போவதுதான் தப்பு என்று புரிந்துகொண்டு சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து போகும். வெளியே நீங்கள் பக்கத்தில் நின்றால் போகவே போகாது. அம்மோனியா கலந்த கிளீனரின் வாடை சிறுநீர் வாடையைப் போலவே இருப்பதால் அதைத் தவிருங்கள். சிறுநீர் வாடையைச் சிதைத்துப் போக்கும் என்சைம் கிளீனர் வாங்குங்கள்.

வெளியே நிற்கும்போது குட்டியின் கால்களைக் கவனியுங்கள். மாற்றி மாற்றித் தூக்கினால் பாதம் தாங்கவில்லை என்று அர்த்தம். உடனே தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுங்கள், கொஞ்சம் சூடானதும் மறுபடி போகலாம்.