கியெர்மோ டெல் டோரோவின் படங்களைத் தொடர்ந்து பார்ப்பது எப்படி? தொடக்கநிலைப் பார்வையாளருக்கு ஒரு வழிகாட்டி

மெக்சிகோவின் குவாதலஹாராவில் 1964இல் பிறந்த கியெர்மோ டெல் டோரோ இதுவரை இயக்கியவை 13 முழுநீளப் படங்கள்தாம். எண்ணிக்கை குறைவு என்பதால் எல்லாவற்றையும் வெளியான வரிசையிலேயே பார்த்துவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்ய வேண்டாம். இரண்டாவது படமான 'மிமிக்'கிலேயே (1997) அவருக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் கடும் மோதல். அவர் விரும்பிய வடிவம் 2011இல்தான் வெளியானது. அதைப் பார்த்து அவரை எடைபோடுவது நியாயமாகாது.

படி 1: 'பான்'ஸ் லாபிரிந்த்' (2006) படத்தில் தொடங்குங்கள்

1944ஆம் ஆண்டு ஸ்பெயின். உள்நாட்டுப் போரில் வென்ற பிராங்கோவின் ராணுவம், மலைக்காட்டில் மிஞ்சியிருக்கும் போராளிகளை வேட்டையாடுகிறது. அந்த முகாமுக்குத் தாயுடன் வந்துசேரும் ஒஃபீலியா என்ற சிறுமிக்கு, ஆட்டுக்கொம்புள்ள ஒரு வனதேவன் மூன்று சோதனைகளை வைக்கிறான். சிறுமியின் கதைதானே என்று குழந்தைகளை உட்கார வைத்துவிடாதீர்கள். வன்முறை மிகக் கடுமையானது.

படத்தை ஸ்பானிய மொழியிலேயே பாருங்கள். முந்தைய ஸ்பானியப் படமான 'தி டெவில்ஸ் பேக்போன்' படத்துக்குக் கிடைத்த ஆங்கில சப்டைட்டில்களில் நிறைவில்லாமல், இதற்கு அவரே எழுதினார். அந்த அக்கறையை டப்பிங்கில் இழந்துவிடக் கூடாது.

படி 2: ஒரே படத்தை இரண்டாம் முறை பாருங்கள், கையில் நோட்டுப் புத்தகத்துடன்

டெல் டோரோவே இளமையிலிருந்து நோட்டுப் புத்தகங்களில் ஓவியமும் குறிப்புமாக எழுதிவருபவர். அவற்றிலிருந்து தொகுத்த நூல் ஒன்று 2013இல் வெளியானது. நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு காட்சிகளை அருகருகே எழுதுங்கள்: ஒஃபீலியாவின் மாற்றாந்தந்தையும் முகாமின் தலைவனுமான கேப்டன் விடால் விருந்தினருடன் அமர்ந்திருக்கும் சாப்பாட்டு மேசை, உள்ளங்கையில் கண் வைத்த வெளிறிய அரக்கன் அமர்ந்திருக்கும் சாப்பாட்டு மேசை. இருவரும் மேசையின் தலைப்பக்கத்தில் இருக்கிறார்கள். இருவருக்கும் பின்னால் அடுப்பு எரிகிறது. எந்த அரக்கன் அதிகம் பயமுறுத்தினான் என்பதையும் குறித்து வையுங்கள்.

பிறகு கடிகாரத்தைப் பின்தொடருங்கள். விடால் தன் தந்தையின் சட்டைப்பைக் கடிகாரத்தை விடாமல் பழுதுபார்க்கிறான். முதல் படமான 'குரோனோஸ்' முழுக்க, பல்சக்கரங்கள் சுழலும் ஒரு தங்கக் கருவியைச் சுற்றி நகர்கிறது. 'ஹெல்பாய்' (2004) படத்தின் நாஜிக் கொலைகாரன் உடலுக்குள்ளேயே பொறிகள் இயங்குகின்றன. இவருடைய உலகில் இயந்திர ஒழுங்கை வழிபடுகிறவனை நம்பக் கூடாது.

படி 3: 'கீழ்ப்படியாமை' என்று ஒரு தனிப் பக்கம் ஒதுக்குங்கள்

இதற்குத்தான் அதிக இடம் தேவைப்படும். நான் அவருடைய மையம் என்று கருதுவது பூதங்களை அல்ல, இதைத்தான். 'பான்'ஸ் லாபிரிந்த்'தில் மருத்துவர், விளைவு தெரிந்தே கேப்டனின் ஆணையை மீறுகிறார். 'தி ஷேப் ஆஃப் வாட்டர்' (2017) படத்தில் பனிப்போர்க் கால அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் தரை துடைக்கும், பேச்சற்ற எலைசா, அடைத்துவைக்கப்பட்ட நீர்வாழ் உயிரைக் கடத்திச்செல்லத் துணிகிறாள். முசோலினியின் இத்தாலிக்குக் கொண்டுபோகப்பட்ட 'பினோக்கியோ'வில் (2022) சொல்பேச்சுக் கேட்காத மரப்பொம்மைதான் எல்லோரிலும் உயிரோடு இருப்பவன். சொன்னபடி ஆடும் மனிதர்கள் பொம்மைகளாகிவிடுகிறார்கள்.

ஆனால் அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள். அரக்கனின் மேசையில் எதையும் தொடக் கூடாது என்ற தடையை மீறி ஒஃபீலியா திராட்சையைத் தின்கிறாள்; அதற்கு மற்றவர்கள் உயிரால் விலை கொடுக்கிறார்கள். பசிக்காக மீறுவதும் இன்னொருவரைக் காக்க மீறுவதும் அவருக்கு ஒன்றல்ல. எந்த மீறல் யாருக்காக என்று ஒவ்வொரு படத்துக்கும் எழுதுங்கள். 'தி டெவில்ஸ் பேக்போன்' (2001), 'பான்'ஸ் லாபிரிந்த்', 'பினோக்கியோ' மூன்றையும் இந்த வரிசையில் பார்த்தால், போரும் பாசிசமும் குழந்தைகளை என்ன செய்கின்றன என்ற ஒரே கேள்வி தொடர்ந்து வருவது தெரியும்.

படி 4: கூட்டாளிகளின் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

வனதேவன், வெளிறிய அரக்கன், 'தி ஷேப் ஆஃப் வாட்டர்' படத்தின் நீர்வாழ் உயிர் மூன்றுமே டக் ஜோன்ஸ் என்ற ஒரே நடிகர். ஒளிப்பதிவில் முதலில் கியெர்மோ நவாரோ, பின்னாளில் டான் லாஸ்ட்சன். இப்போதைக்கு இந்த மூவர் போதும்.

படி 5: அறிவிப்பு வேறு, படம் வேறு

அவர் பெயரோடு வரும் செய்திகளை மூன்று பட்டியல்களாகப் பிரியுங்கள்: அறிவிக்கப்பட்டவை, படப்பிடிப்பில் இருப்பவை, வெளியானவை. முதல் பட்டியலிலிருந்து பல திட்டங்கள் நகரவே நகராது. 'தி ஹாபிட்' படங்களை இயக்க 2008இல் ஒப்புக்கொண்ட அவர் 2010இல் விலகினார்; திரைக்கதையாசிரியர்களில் ஒருவராக மட்டும் பெயர் நின்றது. அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் அண்டார்க்டிக்கா கதையை எடுக்க ஆண்டுக்கணக்கில் முயன்றார். பெரிய செலவில், வயதுவந்தோருக்கான படமாக எடுக்க யுனிவர்சல் நிறுவனம் 2011இல் மறுத்துவிட்டது. மாறாக, 2008இல் அறிவித்த 'பினோக்கியோ' 14 ஆண்டுகள் காத்திருந்து வெளிவந்து ஆஸ்கரும் வென்றது. எனவே முதல் பட்டியலில் எதையும் அடித்துவிட வேண்டாம்.

படி 6: 'ஃபிராங்கன்ஸ்டைன்' (2025) படத்தைக் கடைசியாக வையுங்கள்

சிறுவயது முதல் அவர் எடுக்க விரும்பிய கதை இது. இதற்கு முந்தைய நாள் 'பினோக்கியோ'வை மறுபடி பாருங்கள். மகனை இழந்த துயரத்தில் குடித்துவிட்டு மரத்தைச் செதுக்கும் ஜெபெத்தோ, பிணங்களை ஒட்டி உயிர்கொடுக்கும் விக்டர் இருவருமே தாம் படைத்த பிள்ளையை அப்படியே ஏற்கத் தெரியாத தந்தையர். படம், படைத்தவன் சொல்லும் கதையிலிருந்து படைக்கப்பட்டவன் சொல்லும் கதைக்கு மாறும் இடத்தில் நிறுத்துங்கள். அதுவரை விக்டரைப் பற்றி நினைத்ததை எழுதிவிட்டு மீதியைப் பாருங்கள்.